முதுகில் கட்டக் கேட்ட உறை

அர்ஜுனன் வந்து கத்திக்குச் சொல்லிவிட்டுப் போன அன்றைக்கே கான்ஸ்டன்ஸுக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாயை ஒட்டிய எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். கிள்ளானில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் தோல் தைத்தாள். அதை மூடியதும் ஊருக்குத் திரும்பி, எஸ்டேட் பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஹியூபர்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஹியூபர்ட் வேலையை விட்ட பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லோரிகளின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து பாராங் செய்யத் தொடங்கினார். தோட்டத்துப் பெரிய கத்தியை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பாராங் என்றுதான் சொல்வார்கள். கத்தி அவருடையது, உறை அவளுடையது. வாங்குகிறவரின் இடுப்பை அளந்து, கை எந்த வாட்டத்தில் போகிறது என்று பார்த்துத்தான் தோலில் கத்தரியை வைப்பாள்.

அர்ஜுனன் கேட்டது பதினெட்டு அங்குல அலகு. நுனி கூராக வேண்டும், பிடி ஈரத்தில் வழுக்கக் கூடாது. செம்பனைத் தோட்டத்துக்கு என்றார். ஹியூபர்ட் எழுதிக்கொண்டார். மட்டை கழிக்கிறவருக்குக் கூர் நுனி எதற்கு என்று கான்ஸ்டன்ஸ் நினைத்தாள். அளவு நாடாவோடு அவள் அருகே போனதும் அவர் தலையசைத்தார்.

“இடுப்புல வேணாம்மா. முதுகோட ஒட்டித் தொங்கணும். மேல சட்ட போட்டா வெளிய தெரியக்கூடாது.”

நாடாவைத் தோளிலிருந்து இடுப்புவரை பிடித்தாள். அவருடைய முதுகு பலகைபோல் விறைத்திருந்தது.

ஒரு வாரம் கழித்து, தோலின் நிறத்தைக் காட்ட அவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினாள். அப்போதுதான் அவருடைய முகப்புப் படத்தைக் கவனித்தாள். மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து சிரிக்கிற ஒரு பையன். கீழே அகிலன் என்ற பெயர், இரண்டு தேதிகள். பெயரைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. போன வருடம் முச்சந்தியில் செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி மோதி இறந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை. சாட்சி போதவில்லை என்று லோரி ஓட்டுநர் விடுதலையாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த ஆள் இன்னும் அதே செம்பனை எண்ணெய் ஆலைக்குத்தான் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

படத்தை ஹியூபர்ட்டிடம் காட்டினாள். அலகு அதற்குள் எண்ணெயில் தோய்ந்து, சாணை பிடித்து, பலா மரப் பிடியோடு மேசைமேல் கிடந்தது. நாம் கொடுக்காவிட்டால் ஹார்ட்வேர் கடையில் வாங்கிக்கொள்வார், நமக்கு எதற்கு வம்பு என்றார் ஹியூபர்ட். ஆனால் அன்று மதியம் தட்டில் போட்ட சோற்றை அவர் தொடவில்லை.

போலீசுக்குச் சொல்லலாமா என்று கான்ஸ்டன்ஸ் யோசித்தாள். என்ன சொல்வது? ஒருவர் கத்தி வாங்குகிறார் என்றா? ஒருவேளை அவரைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால், மகனைப் பறிகொடுத்த தாய் புருஷனையும் இழந்து நிற்பாள். அப்படி ஒன்றுமே இல்லாமல், தான் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம்.

கையில் இருந்தது உறை ஒன்றுதான். மாட்டுத் தோலை வெந்நீரில் ஊறவைத்து, அலகுக்கு மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி, தோலை அதன் மேல் மடித்து, ஓரம் முழுக்கக் கவ்வி போட்டு இறுக்கிவைப்பாள். தோல் கத்தியின் வடிவத்துக்கு விறைத்துக் காய நிழலில் மூன்று நாளாகும். காய்ந்த பிறகுதான் குத்தூசியால் துளை போட்டுத் தைப்பது. அதுவரை கத்தி தோலுக்குள்ளேயே இருக்க வேண்டும். மூன்று நாள் ஆகும் என்று அர்ஜுனனுக்குச் சொன்னாள். இரண்டாம் நாள் மாலை, காயத் தொடங்கிய தோலின் மேல் ஈரத் துணியை வைத்து மறுபடி நனைத்தாள். கொட்டகை வாசலில் நின்ற ஹியூபர்ட் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அர்ஜுனன் தினமும் போன் செய்தார். மழை, காயவில்லை என்றாள். ஒவ்வொரு முறையும் அவர் சரி என்று சொல்லி வைத்துவிடுவார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

நான்காம் நாள் தன் கஞ்சில் காரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் இல்லாத நேரம். மனைவி லீலாவதி கதவைத் திறந்தாள். முன்பின் பழக்கமில்லாத பெண்ணிடம் இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், கான்ஸ்டன்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். தினமும் விடிவதற்கு முன் அவர் கிளம்பிப் போய், ஆலைக்கு எதிரே லோரிகள் வரிசையில் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பார், சாப்பிடக்கூட வீட்டுக்கு வருவதில்லை, துக்கம் தாளாமல்தான் போகிறார் என்று நினைத்திருந்தேன் என்றாள் லீலாவதி. அவள் அழவில்லை.

“கத்தி எவ்ளோ நீளம்க்கா?” என்று மட்டும் கேட்டாள்.

கான்ஸ்டன்ஸ் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, போன் கூடச் செய்யாமல், அர்ஜுனன் நேராகக் கொட்டகைக்குள் வந்தார். ஹியூபர்ட் கரி வாங்கப் போயிருந்தார். இன்னும் தைக்கவில்லை என்றாள் கான்ஸ்டன்ஸ். தைக்காமலே கொடுக்கச் சொன்னார். கட்டுவதற்குத் தன்னிடம் கயிறு இருக்கிறதாம். மேசையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, கவ்விகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டார். பிடியில் அவர் கை விழுந்த அதே நொடியில், கான்ஸ்டன்ஸ் இரண்டு கைகளாலும் உறையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் இழுத்தார். ஈரத் தோல் அலகைக் கவ்வியிருந்ததால் ஓர் அங்குலம்தான் வெளியே வந்தது. தைக்காத ஓரம் திறந்து, இரும்பு மினுங்கியது. வெட்டுப் பக்கம் அவளுடைய இடது கை விரல்கள்மேல் படிந்திருந்தது. இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

“கைய எடும்மா.”

“எடுக்க மாட்டேன் அண்ணே.”

“வெட்டிரும்.”

“தெரியும். நான் அறுத்து வச்ச தோலு, அவரு தீட்டுன கத்தி. தெரியாமலா பிடிச்சிருக்கேன்?”

அவருடைய தாடை அசைந்தது. கண்கள் அவள் முகத்துக்கு வரவே இல்லை, அந்த விரல்களிலேயே நின்றன. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து போனது. பிடியில் இருந்த கை நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்திலேயே அலகு சற்று நகர்ந்து அவளுடைய நடுவிரலைக் கீறியது. தோலின் வெளிறிய நிறத்தில் ரத்தம் பரவியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிடியை விடவில்லை.

அர்ஜுனன் கையை எடுத்துவிட்டார்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ஆழமாகப் பட்டுவிட்டதா என்று கேட்டார். ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, அவளுடைய கையைத் தன் கைக்குள் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ரத்தம் நிற்க அப்படிப் பிடிக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

“அன்னைக்கு ரோட்டுல அவனுக்கு யாரும் இப்படிப் பிடிக்கல,” என்றார்.

லீலாவதி அவரைத் தேடிக்கொண்டு தன் தம்பியின் காரில் வந்து இறங்கியபோது இருவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவள் புருஷனின் தோளைத் தொட்டதும் அவர் எழுந்து அவளோடு போனார். கத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளினிக்கில் விரலுக்கு ஐந்து தையல் போட்டார்கள். ஹியூபர்ட் அன்று சாயங்காலமே அந்த அலகைக் கட்டரில் போட்டு மூன்று துண்டாக அறுத்தார். இந்த மாதிரி இன்னொரு முறை செய்யாதே என்று சொல்ல வந்தவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு கூர் நுனி வைத்து யார் கேட்டாலும் செய்வதில்லை. கான்ஸ்டன்ஸும் உறைக்கு அளவு எடுக்கும்போது, என்ன வேலைக்கு என்று வாய்விட்டே கேட்டுவிடுகிறாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

ஒரு மாதத்துக்குள் அர்ஜுனனும் லீலாவதியும் சபாக் பக்கம் குடிபோய்விட்டார்கள். அவர் வேறு கத்தி வாங்கிவிடுவாரோ என்ற பயம் கான்ஸ்டன்ஸுக்கு வெகு நாள் போகவில்லை. அந்த லோரி ஆலைக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருக்கிறானா என்று பார்த்தாள். அவனுக்கு எதுவுமே தெரியாது.

கிறிஸ்துமஸ் அன்று லீலாவதி போன் செய்தாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு, அவர் ஒரு தேங்காய்த் தோப்பில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். நாள் முழுக்கக் கையில் கத்திதான், முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை, வேலியோரம் போய் ஒளிந்து நின்று பார்த்தேன் என்றாள்.

“இப்ப?” என்றாள் கான்ஸ்டன்ஸ்.

“இப்ப வீட்டுக்கு வந்து சாப்பிடுறாருக்கா.”