ஜன்னலில் ஒட்டிய நுரையீரல்

முதலில் படிக்கட்டுதான் காட்டிக்கொடுத்தது. ஸ்ரீரங்கத்தில் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது. 1984இல் ஒரு காலை, பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மூச்சு உள்ளே போனது, போதவில்லை. எனக்கு முப்பத்தொரு வயது.

என் கணவர் தில்லை நகரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். எக்ஸ்ரே, கையில் பட்டை கட்டி பி.பி., எல்லாம் சரியாக இருந்தன. ஆறு மாதம் முன்பு பிரசவமானதும் இடது கால் வீங்கியதைச் சொன்னேன். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. கணவரைப் பார்த்துப் பேசினார்.

"மனசுதாங்க. குழந்தை பெத்தவங்களுக்கு இப்படி வரும். கண்டுக்காதீங்க."

என் கணவர் கண்டுகொள்ளவில்லை. உறையூர் வீட்டில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நான் உட்கார்ந்தால், "ஆரம்பிச்சுட்டா" என்பார். ஒருநாள் தன் அக்காவிடம், "நடிப்புல இவளை அடிச்சுக்க ஆள் இல்ல" என்று சிரித்தார். அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல மூச்சில்லை.

இப்படியே ஒன்றரை வருடம். பிறகு கரும்பலகை முன்னால் மயங்கி விழுந்தேன். விடுப்பு கிடைக்கவில்லை என்று கணவர் வரவில்லை. தம்பிதான் மதராஸுக்கு அழைத்துப்போனான்.

அங்கே ஒரு பெண் டாக்டர் முதலில் என் காலைப் பார்த்தார். பிறகு சி.டி. ஸ்கேன் (உடம்பைக் குறுக்காகத் துண்டு துண்டாகப் படமெடுப்பது) எடுக்கச் சொன்னார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, விரலால் காட்டினார்.

"இது நுரையீரலுக்கு ரத்தம் போற குழாய். பக்கத்துப் பெருந்தமனியை விடப் பருத்திருக்கு. உள்ள ரத்தக்கட்டி. கால்லேர்ந்து போனது."

நுரையீரல் இரத்த அழுத்தம் (அந்தக் குழாயில் மட்டும் ஏறும் அழுத்தம், கையில் பட்டை கட்டினால் தெரியாது). இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்தும் உறுதி செய்தார்கள்.

"எவ்வளவு நாள் இருப்பேன் டாக்டர்?"

"ரெண்டு வருஷம் சொல்லலாம். அதுக்கு மேல வாக்குக் குடுக்க முடியலம்மா."

அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ சந்தோஷம். சாட்சி கிடைத்துவிட்டது.

ஊர் திரும்பியதும் தில்லை நகருக்குப் படத்தோடு போனேன். "எக்ஸ்ரேல தெரியலையேம்மா" என்றார் டாக்டர்.

"நான் சொன்னேனே" என்றேன். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

அந்தப் படத்தை ஹால் ஜன்னலில் ஒட்டினேன். முதலில் பார்த்தது நாத்தனார்.

"என்னடி இது?"

கணவரைக் கைகாட்டினேன். "நீங்களே சொல்லுங்க. நடிப்புன்னு சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்க."

சொன்னார். அடுத்து அவருடைய ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் வந்தார். ஒவ்வொருவருக்கும் சொன்னார். நான் ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கவில்லை.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, உறையும் அளவு பார்க்க மாதாமாதம் ஊசிக்குத்து, உப்பில்லாத சோறு. நோய் போகவில்லை, நடக்கிறேன். உங்களையும் யாராவது "மனசுதான்" என்று அனுப்பினால், எழுந்து வராதீர்கள். கால் வீங்கியதை அவர் எழுதும்வரை உட்கார்ந்திருங்கள்.

இது நாலாவது வருடம். நேற்று மாலை நானும் கணவரும் காவிரிப் பாலத்தில் நடந்தோம். முன்பெல்லாம் எனக்கு முன்னால் போய்விடுகிறவர் பக்கத்திலேயே வந்தார்.

"இன்னும் எவ்வளவு நாளைக்குடி இந்தக் கோவம்?"

"மூச்சு இருக்கிற வரைக்கும்."

இப்போது எனக்கு நாட்கணக்கு கிடையாது. ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை என்பதே காலம். அடுத்ததில் நின்று மூச்சைச் சேர்த்துக்கொண்டேன். அவரும் நின்றார். நான் அவசரப்படவில்லை.