பிரிவு மெட்டின் மறுபாதி

ஜொகூர் பாருவில் ஊமைப்படங்கள் ஓடிய காலத்தில், பெட்டிக்காரர் என்ற சொல் ஒரே ஒருவரைத்தான் குறித்தது. அவர் படக்கொட்டகையில் ஆர்மோனியம் வாசித்த அமலதாஸ். ஆர்மோனியத்தைப் பெட்டி என்று சொல்வது அன்றைய வழக்கமாதலால், ஊராருக்கு அவருடைய பெயரைத் தெரிந்துகொள்ளும் தேவை ஏற்படவில்லை.

அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, 1913ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தார். ரப்பர்த் தோட்டமொன்றில் வேலை செய்துகொண்டிருந்த தமையனை நம்பி வந்தவர், தமையன் காய்ச்சலில் இறந்துவிட்ட செய்தியைத் தோட்டத்து வாயிலில்தான் கேட்டார். திரும்பிச் செல்லவும் வழியில்லை. சொந்த ஊர்த் தேவாலயத்தில் ஆர்மோனியம் பழகியிருந்தமையால், சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் வாசித்து, மற்ற நாள்களில் கிடைத்த வேலையைச் செய்து காலந்தள்ளினார். பிறகு, தகரக் கூரை போட்ட படக்கொட்டகை ஒன்றைத் தொடங்கிய சீன முதலாளியான தவுக்கே அவரை வேலைக்கு அழைத்தார். கொட்டகையின் பின்புறத்து அறையே அவருக்கு வீடாயிற்று. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவ்வேலையின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும். படச்சுருள்கள் சிங்கப்பூரிலிருந்து தகரப் பெட்டிகளில் வந்தன. கடலின் குறுக்கே பாலம் கட்டப்படும் வரை படகிலும், அதன் பின்னர் இரயிலிலும். அவற்றோடு இசை எதுவும் வருவதில்லை. முதல் ஆட்டத்தில் மக்கள் பார்க்கும்போதுதான் அமலதாஸும் படத்தைப் பார்ப்பார். திரைக்குக் கீழே, மக்களுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, அண்ணாந்து பார்த்தபடியே வாசிப்பார். துரத்தலுக்கு ஒரு மெட்டு, மழைக்கு ஒரு மெட்டு, கோமாளிக்கு ஒரு மெட்டு என்று தாமே அமைத்து வைத்திருந்தார். மெட்டு காட்சியோடு இசைந்துவிட்டால், அதை ஒருவரும் கவனிப்பதில்லை. படச்சுருள் அறுந்து விளக்கு ஏற்றப்படும்போது மட்டும், "யோவ் பெட்டி, தூங்கிட்டியா? நாடகப் பாட்டு ஒண்ணு எடுத்து விடு லா!" என்று கூச்சல் எழும். அவரும் நாடகப் பாட்டையே வாசிப்பார்.

அவர் அமைத்தவற்றுள் அவருக்கு மிகவும் நெருக்கமானது பிரிவுக்கான மெட்டு. கணவன் கப்பலேறினாலும், தாய் இறந்தாலும், வீரன் குதிரையிலிருந்து வீழ்ந்தாலும் அதுதான் ஒலிக்கும். அதற்கு இரண்டு பாதிகள் இருந்தன. முதற்பாதி இறங்கி இறங்கிச் சென்று ஓரிடத்தில் தயங்கி நிற்கும். மறுபாதி அந்தத் தயக்கத்திலிருந்து மேலேறி, அழுகை ஓய்ந்தவனுடைய மூச்சைப்போல அமைதியில் முடியும். அந்த மறுபாதியைத்தான் அவர் உயர்வாகக் கருதினார். ஆனால், எந்தப் படத்திலும் பிரிவுக் காட்சி அத்தனை நேரம் நீடிப்பதில்லை. முதற்பாதி முடிவதற்குள் திரையில் வேறு யாரேனும் ஓடத் தொடங்கிவிடுவார்கள். அமலதாஸும் துரத்தல் மெட்டுக்குத் தாவியாக வேண்டும். அந்த மெட்டை முழுவதும் ஒரு மனிதரேனும் கேட்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்வில் நிலைத்திருந்த ஒரே ஆசை.

படக்கருவியைக் கையால் சுழற்றியவர் அர்ச்சுனன். ஒருநாள் அவரிடம் அமலதாஸ் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டார்.

"தம்பி, அந்தக் கப்பல் காட்சி வரும்போது கொஞ்சம் மெதுவா சுத்துறியா?"

"எதுக்குண்ணே?"

"மெட்டு பாதியில நிக்குது."

"மெட்டுக்காகப் படத்தை இழுக்கச் சொல்றீங்களா? சரி, உங்களுக்காக ஒரு ஆட்டம்."

அன்று மாலை கப்பல் காட்சி வந்தது. அர்ச்சுனனும் வாக்குத் தவறாமல் மெதுவாகச் சுழற்றினார். திரையில் கையசைத்த கதாநாயகனின் கை மேலே போயிற்று, கீழே வரவில்லை. கதாநாயகி கண்ணைத் துடைக்கத் தொடங்கி, துடைத்து முடிக்காமல் நின்றாள். முதற்பாதி முடிந்து மறுபாதியின் முதல் அடியை அமலதாஸ் தொட்டார். அதற்குள், "அலமாக்! படம் சுத்துறவன் தண்ணி போட்டுட்டான் டா!" என்று ஒருவர் கத்தினார். "கப்பல் தரை தட்டிருச்சு, இறங்கித் தள்ளு!" என்றார் மற்றொருவர். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. தவுக்கே ஓடிவந்து அர்ச்சுனனைத் திட்டினார். அமலதாஸ் அதன் பிறகு எவரிடமும் அவ்வாறு கேட்கவில்லை.

பேசும் படங்கள் வந்தபோது, திரையின் கீழிருந்த அவருடைய இருக்கை அகற்றப்பட்டு, அங்கு ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. தவுக்கே இரக்கமுள்ளவராதலால் அவரை வெளியேற்றவில்லை. வாயிலில் நின்று டிக்கெட் கிழிக்கும் வேலையைக் கொடுத்தார். உள்ளே பாட்டு ஒலிக்கும். வெளியே அவர் நிற்பார். அவர் அறியாமலேயே மற்றொன்றும் நிகழ்ந்தது. சந்தைக்கு அருகில் மணியம் என்னும் தச்சர் சவப்பெட்டி செய்யும் தொழிலைத் தொடங்கியிருந்தார். ஓரிரண்டு ஆண்டுகளில் பெட்டிக்காரர் என்ற பெயர் மெல்ல நகர்ந்து மணியத்திடம் போய்ச் சேர்ந்தது.

1934ஆம் ஆண்டில் ஒரு காலைப்பொழுதில், இரயில்வேத் தொழிலாளியான லெட்சுமணன் கொட்டகைக்கு வந்தார்.

"ஐயா, உங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க. பெட்டியோட வாங்க."

"யாரு சொன்னது?"

"ஸ்டேஷன்ல கணக்கெழுதுற கிராணி லியோனார்ட் இருந்தாரில்ல, ராத்திரி தவறிட்டாரு. அவரு மச்சான்தான் பெட்டிக்காரரைக் கூட்டிட்டு வான்னாரு."

அமலதாஸ் அந்தக் கிராணியை அறியார். ஆயினும், தம்மைக் கேட்டு ஒருவர் ஆளனுப்பியது அதுவே முதன்முறை. துவைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அணிந்து, பெட்டியைத் துடைத்துத் துணியால் மூடி, லெட்சுமணனோடு ரிக்‌ஷாவில் ஏறினார். மடியிலிருந்த பெட்டியின் மேல் அவருடைய விரல்கள் வழியெல்லாம் அசைந்துகொண்டிருந்தன.

இரயில்வே வீடுகளின் வரிசையில், லியோனார்டின் வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்தனர். இறந்தவருடைய மைத்துனர் சவரிமுத்து எதிரே வந்தார்.

"வாங்க, வாங்க. என்ன மரம் போடுவீங்க?"

"தேக்குங்க," என்றார் அமலதாஸ், பெட்டியைத் தட்டிக்காட்டி.

"தேக்கெல்லாம் எதுக்கு? சாதாரணப் பலகை போதும். ஆள் நல்ல உயரம், அதை மட்டும் பார்த்துக்குங்க."

"உயரத்துக்கும் இதுக்கும் என்னங்க? கீழே உட்கார்ந்துதானே வாசிக்கப் போறேன்."

"வாசிக்கிறதா? எதை?"

சவரிமுத்து துணியை விலக்கி ஆர்மோனியத்தைப் பார்த்தார். பின்பு லெட்சுமணனைப் பார்த்தார்.

"அடப்பாவி மனுசா! நான் ஆசாரி மணியத்தைக் கூட்டிட்டு வரச் சொன்னா, நீ யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?"

"பெட்டிக்காரர்னுதானே சொன்னீங்க? எனக்குத் தெரிஞ்ச பெட்டிக்காரர் இவருதான் லா!"

வாசலில் இருந்தவர்கள் துக்க வீட்டில் சிரிக்கலாகாது என்பதற்காகத் துண்டால் வாயை மூடிக்கொண்டனர். லெட்சுமணன் மணியத்தைத் தேடி ஓடினார். அமலதாஸ் துணியை இழுத்து மூடினார். ரிக்‌ஷா போய்விட்டிருந்தது.

அப்போது உள்ளிருந்து, இறந்தவரின் மனைவி செசிலியாவின் குரல் கேட்டது.

"அண்ணே, அவரைத் திருப்பி அனுப்பிடாதீங்க. மணியம் வர்ற வரைக்கும் ஏதாவது வாசிக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்குப் படம்னா உசிரு."

அமலதாஸ் உள்ளே சென்று, கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்தார். முகத்தின் மேல் வெள்ளைத் துணி இடப்பட்டிருந்தது. முதலில் தேவாலயப் பாட்டு ஒன்றை வாசித்தார்; பெண்கள் தாழ்ந்த குரலில் உடன் பாடினர். பாட்டு முடிந்த பின்பும் மணியம் வரவில்லை. அமலதாஸின் விரல்கள் பிரிவு மெட்டைத் தொடங்கின.

"இது அந்தக் கப்பல் படத்துல வந்ததுதானே?" என்று வாசலில் ஒருவர் கேட்டார்.

"இல்ல லா, குதிரைக்காரன் செத்துப்போற படம்."

"எந்தப் படமா இருந்தா என்ன, வெள்ளைக்காரன் பாட்டுன்னா பாட்டுதான். படத்தோட டப்பாவுலயே எழுதி அனுப்பிருவான்," என்றார் சவரிமுத்து.

அத்தனை ஆண்டுகள் மக்கள் அவ்வாறே எண்ணியிருந்தனர் என்பது அமலதாஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுத்துச் சொல்லலாம் என்று நிமிர்ந்தார். அதற்குள் செசிலியா பேசினார்.

"குளிக்கும்போது இவரு இதைத்தான் முணுமுணுப்பாரு. பாதியில நிறுத்திருவாரு. மிச்சத்தையும் பாடுங்களேன்னா, 'மிச்சம் எனக்குத் தெரியாது புள்ள, கொட்டகையில அதோட விட்டுர்றாங்க. ஆனா அதோட முடியாது, இன்னும் இருக்கு'ம்பாரு."

துருத்தியின் மேலிருந்த அமலதாஸின் கை நின்றது. அவருடைய முதற்பாதியைக் கேட்டு, மறுபாதி ஒன்று இருக்க வேண்டும் என்று தாமாக உணர்ந்த மனிதர் இந்த ஊரிலேயே இருந்திருக்கிறார். நேற்று வரை இருந்திருக்கிறார்.

அவர் மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்தார். மெட்டு இறங்கி, தயங்கி நின்றது. அவ்விடத்தில் செசிலியா தம்மையறியாமல் தலையை உயர்த்தினார். அமலதாஸ் மறுபாதிக்குள் நுழைந்தார். துரத்தி வர ஒருவரும் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் உரிய நேரத்தைக் கொடுத்து, கடைசி மூச்சு வரை வாசித்து முடித்தார். வாசலில் இருந்தவர்கள் மணியம் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"இது எந்தப் படத்துல வரும்?" என்று செசிலியா கேட்டார்.

"எந்தப் படத்துலயும் வரலைம்மா. நான் போட்டது."

"மிச்சம் இதுதானா?"

"இதுதாம்மா."

செசிலியா கணவரின் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?" என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆறுதல் சொல்லி அமலதாஸுக்குப் பழக்கமில்லை. ஒன்று மட்டும் கேட்டார்:

"ஐயா, கொட்டகையில எந்த இடத்துல உட்காருவாரும்மா?"

"முன் வரிசைதான். உங்க முதுகுக்குப் பின்னாலேயே."

வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. மணியம் அளவுகோலோடு உள்ளே வந்து, கட்டிலையும் கால்மாட்டில் அமர்ந்திருந்தவரையும் பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? அளவெடுக்கணும்."

அமலதாஸ் துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அவருக்கு இடம் விட்டார்.