பட்டறைக்காரரின் விண்ணப்பம்

அவர் செய்த கேட் தொங்கிப்போயிற்று என்று சொல்ல இனிமேல்தான் ஒருவன் பிறந்து வர வேண்டும். இரும்புத்தூள் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்து, வெல்டிங் கற்று, கடைசியில் அந்தப் பட்டறையையே விலை பேசி வாங்கியவர். பள்ளிக்கூடத்து வாசலோடு சரி, உள்ளே போய் உட்கார நேரம் கிடைக்கவில்லை. அதனால் என்ன குறைந்துவிட்டது? பாதி ஊரின் வாசலை அவர் கைவேலைதான் காக்கிறது. சபையில் சிறுபிள்ளைகள்கூட அவரைப் பட்டறைக்காரர் என்றுதான் சொல்லும்.

சபையின் ஜன்னல் கம்பிகளும், கூரைமேல் நிற்கும் இரும்புச் சிலுவையும் அவர் கூலி வாங்காமல் செய்து கொடுத்தவை. ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தால் முதல் ஆளாக எழுந்து நிற்பார்.

"மாத்துத் துணி இல்லாம வந்தவன் நான். இன்னிக்கு மாடி வீட்ல இருக்கேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல். சபை முழுவதும் ஆமென் சொல்லும்.

சாட்சிக்குப் பிறகு விண்ணப்ப நேரம். நோயோ, வேலையில்லையோ, பிள்ளைக்கு வரன் அமையவில்லையோ, எழுந்து சொன்னால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக் குழு அந்த வீட்டுக்கே போய்ப் பாடி, ஜெபம் செய்துவிட்டு வரும். அந்த நேரத்தில் மட்டும் பட்டறைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்திருப்பார். வாங்கிப் பழகாத கை.

மனைவி மண்ணுக்குள் போன பிறகு மாடி வீடு அவருக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது. மகள் கல்யாணமாகித் தூர தேசத்தில். போனில் "எப்படிப்பா இருக்கீங்க?" என்பாள். "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை அடுத்த வீட்டு டிரைவருக்குக் கால் முறிந்திருந்ததால் ஜெபக் குழு அந்தத் தெருவுக்கு வந்தது. வந்தவர்கள் தம் வீட்டிலும் எட்டிப் பார்ப்பார்கள் என்று பட்டறைக்காரர் நினைத்துக்கொண்டார். நாற்காலிகளைத் துடைத்து வட்டமாகப் போட்டார். கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டார். பால் காய்ச்சி மூடி வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு தொடங்கியது. இந்தப் பக்கம் அவரும் மெல்லச் சேர்ந்து பாடினார். பாட்டு நின்றது. செருப்புச் சத்தம் அவர் வாசலை நெருங்கியது.

"பட்டறை அண்ணன் வீட்டுக்குப் போகலாமா?" என்றது ஒரு குரல்.

"அவருக்கென்னப்பா குறை? நமக்கே அவர்தான் ஜெபம் பண்ணணும்" என்றது இன்னொன்று.

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். காய்ச்சிய பாலில் ஆடை கட்டிக் கிடந்தது.

அந்த வாரம் முழுவதும் பட்டறையில் வெல்டிங் முகமூடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். 'எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு. என் வீட்டுக்கு வாங்க.' அவ்வளவுதான். இதில் என்ன மலையைப் புரட்ட வேண்டியிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை விண்ணப்ப நேரத்தில் எழுந்தார். சபை திரும்பிப் பார்த்தது. போதகர் முகத்திலேயே ஆச்சரியம். பட்டறைக்காரர் வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒரு விண்ணப்பம்... மாத்துத் துணி இல்லாம வந்தவன் நான். இன்னிக்கு..."

வாய் பழகின தடத்தில் ஓடிவிட்டது. மாடி வீடுவரை போய்த்தான் நின்றது. சபை ஆமென் சொன்னது. அவர் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடும்போது, ஜெபக் குழுவை நடத்தும் தையற்காரம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னண்ணே, விண்ணப்பம்னு எழுந்துட்டு சாட்சி சொல்லி உக்காந்துட்டீங்க?"

"எனக்கென்ன குறை?"

"அதான் நானும் கேக்குறேன். என்ன குறை?"

செருப்பு காலடியிலேயே கிடந்தது. அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, சாப்பிட உக்காந்தா தட்டுச் சத்தம் மட்டும்தான் கேக்குது."

அவள் சிரிக்கவில்லை. "இதை உள்ள சொல்லக் கூடாதா?"

"உள்ள சொல்ற மாதிரி இதுல என்ன பெருமை இருக்கு?"

"போங்கண்ணே, உங்க பெருமையும் நீங்களும்! சனிக்கிழமை வர்றோம்."

வந்தார்கள். வட்டமாகப் போட்ட நாற்காலிகள் நிறைந்தன. பாடி முடித்ததும் போதகர் கேட்டார்: "ஐயா, எதுக்காக ஜெபிக்கணும்?"

பட்டறைக்காரர் தொண்டையைச் செருமினார். "மாத்துத் துணி இல்லாம..."

"அண்ணே!" என்றாள் தையற்காரம்மா.

நிறுத்திக்கொண்டார். வந்தவர்கள் பால் குடித்து வைத்த காலித் தம்ளர்களைப் பார்த்தார். சுவரோரம் மனைவியின் தையல் இயந்திரம் துணி போர்த்தி நின்றது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. எழுந்து போய் அந்தத் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். போதகரும் இரண்டாம் முறை கேட்காமல் கண்ணை மூடி ஜெபித்தார்.

அவர்கள் கிளம்பும்போது பட்டறைக்காரர் வாசல்வரை வந்தார். கடைசியாகப் போனவர் மரியாதைக்குக் கேட்டை இழுத்துச் சாத்தப் போனார்.

"அது அப்படியே இருக்கட்டும், சாத்தாதீங்க" என்றார், அந்த ஊரிலேயே கனமான கேட்டைத் தம் வாசலுக்குச் செய்து மாட்டியவர்.