ஒரே நாளில் எழுதிய மூன்று கடிதங்கள்

கார்ல்ஸ்ரூஹேயில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் நான் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, காலுறை மாட்டிவிடுவது. ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம். பேச்சுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ஒரு வீட்டில் மூன்று வருடம் பேசினோம். அந்த அம்மாவுக்கு அப்போது எண்பத்தெட்டு வயது, தனியாக இருந்தார். அவர் பேசியது ஜெர்மன். எனக்கு நினைவில் தங்கியிருப்பதோ என் மன்னார்த் தமிழில்.

அவருக்கு மூன்று அண்ணன்மார். இரண்டாம் உலகப் போரின் கடைசி இலையுதிர்காலத்தில் மூவரும் மூன்று போர்முனைகளில் நின்றார்கள். மூத்தவர் கிழக்கே, ரஷ்யப் படைக்கு முன்னால் பின்வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் பிறந்தவர் இத்தாலியில் ஒரு மலைச்சரிவில். கடைசி அண்ணனுக்குப் பதினாறு வயது. அவரை ஊருக்கு வெளியே அனுப்பவில்லை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விமானங்களைச் சுடும் பீரங்கியில் நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்கு வர மட்டும் அனுமதி இல்லை. தாயின் பிறந்தநாளன்று எங்கே இருந்தாலும் கடிதம் எழுதுவதென்று மூவரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். எழுதினார்கள். மூன்று தாளிலும் ஒரே தேதி.

அந்தக் கடிதங்கள் அவருக்கு மனப்பாடம். நான் முதுகைத் துடைத்துவிடும்போது சொல்லிக்கொண்டே வருவார். மூத்தவர் விடியுமுன் எழுதியிருந்தார். ஆற்றைக் கடக்கக் காத்திருக்கிறோம், பாலத்தில் குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, அவற்றைத் தள்ளினால்தான் வண்டி போகும், இனி எனக்குக் காலுறை பின்ன வேண்டாம், வந்து சேராது. அவர் ஆற்றைக் கடந்தாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கடைசி அண்ணன் எழுதியது மத்தியானம். இன்று மூன்று முறை விமானங்கள் வந்தன, ஒரு காது கேட்கவில்லை, கேக்கில் எனக்கு ஒரு துண்டு எடுத்து வையுங்கள். அன்று பின்னேரம் விமானங்கள் நான்காவது முறையும் வந்தன. ரயில்வே ஊழியர் ஒருவர் கடிதத்தைக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்தபோது, பீரங்கி நின்ற இடத்தில் ஒரு குழிதான் இருந்தது.

“காலமை அம்மா மாப் பிசையேக்கை அவவுக்கு மூண்டு ஆம்பிளைப் பிள்ளையள்,” என்பார். “இருட்டுறதுக்குள்ள ஒண்டுதான் மிச்சம்.”

இத்தாலியில் இருந்தவர் என்ன எழுதினார் என்று ஒரு முறை கேட்டேன்.

“அவர் திரும்பி வந்திட்டார்,” என்றார்.

ஒரு நாள் காலை, அடுத்த வீட்டு மருந்து நேரத்தை மறக்காமலிருக்க என் சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இது என்ன எழுத்து?”

“என்ர மொழி. தமிழ்.”

“இந்தியாவிலயும் இப்படி எழுதுவினமோ?”

“ஓம். தெற்குப் பக்கத்தில எழுதுவினம்.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஜெபப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னார். நடுவில் இரண்டு தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. முதலாவது இத்தாலியிலிருந்து வந்த கடிதம். அதை அவரே சொன்னார்: ‘இன்று எங்களுக்கு எதிரே இந்தியர்கள். ஒருவனைச் சுட்டேன். அவன் சட்டைப்பையில் இது இருந்தது. மணி கோர்த்தது போல எழுத்து. ஜெபமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் பிறந்தநாளுக்கு அனுப்ப என்னிடம் வேறொன்றுமில்லை.’

இரண்டாவது, பாதி கிழிந்த தாள். தாய் அதன்மேல் கை வைத்துத்தான் தினமும் ஜெபித்தாராம். மகன் உயிரோடு திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம் என்று சாகும்வரை நம்பினாராம்.

“வாசியுங்கோ,” என்றார்.

மை மங்கியிருந்தது. லை, ணை எல்லாம் பழைய வடிவத்தில் இருந்தன. ஆனாலும் தடங்கல் இல்லாமல் வாசிக்க முடிந்தது.

‘பிள்ளை பிறந்து இன்றோடு இருபது நாள். பெண் பிள்ளை. மூக்கு உங்களைப் போல. பெயர் நீங்கள்தான் வைக்க வேண்டும் என்று எல்லோரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வரும்வரை பாப்பா என்றே கூப்பிடுகிறோம். சீக்கிரம்’

அதற்குக் கீழே தாள் இல்லை.

எனக்கும் ஓர் அண்ணன் இருந்தார். எங்கள் ஊர்ப் போரில் காணாமல் போனவர். அவரைப் பற்றி ஒரு துண்டுக் காகிதமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மா அவருக்கு எழுதிய கடிதம் ஏதோ ஒரு படையாளின் வீட்டு அலுமாரியில் கிடக்கக்கூடும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. அப்படிக் கிடந்தால் யாராவது அதை வாசித்து, அந்த வீட்டாருக்கு அர்த்தம் சொல்ல வேண்டும் என்றும் நினைத்ததுண்டு.

“ஜெபமோ?” என்று கேட்டார்.

“இல்லை. பெஞ்சாதி எழுதினது.” ஒவ்வொரு வரியாக ஜெர்மனில் சொன்னேன்.

“பிறகு பேர் வச்சினமோ?”

“தெரியேல்லை.”

தாளை என் கையிலிருந்து வாங்கி, புத்தகத்துக்குள் வைத்து மூடினார். “போங்கோ. இண்டைக்குக் குளிப்பு வேண்டாம்.”

அடுத்த நாள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்த அம்மா வேறொருவரை அனுப்பச் சொல்லிவிட்டார்.

“உனக்கென்ன விசரே?” என்றார் என் கணவர். “ஜெபம்தான் எண்டு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? எண்பத்தெட்டு வயசு மனிசி.”

“கேட்டவ. வாயில பொய் வரேல்லை.”

“எத்தினை வருசப் பழக்கம். இப்ப அதுவும் போச்சு.”

“ஓம். போச்சு.”

மூன்று வாரம் கழித்து மறுபடி என்னையே கேட்டார். போனபோது மெலிந்திருந்தார். வணக்கம் சொல்லவில்லை, நான் மேலங்கியைக் கழற்றுவதற்குள் பேசத் தொடங்கினார்.

“என்ர அண்ணை சாகக் கிடக்கேக்கை எனக்கு மட்டும் ஒண்டு சொன்னவர். அந்த இந்திய ஆளிட்டைத் துவக்கு இருக்கேல்லை. ரெண்டு கையிலயும் தண்ணிக் கேன். ஓடையில நிரப்பிக்கொண்டு நிமிந்தவராம். அண்ணையைப் பாத்திட்டுக் கேனைக் கீழ வைக்கப் போனவராம். அதுக்குள்ள சுட்டிட்டார்.”

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். வேலை நேரத்தில் அப்படி உட்காரக் கூடாது.

“அம்மாவுக்கு அதைச் சொல்லேல்லை. நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஜெபம் எண்டு நினைச்சு வச்சிருக்க ஏலுமாய் இருந்தது. இப்ப அந்தப் புத்தகத்தைத் திறக்க ஏலாமல் கிடக்கு. நீங்கள் கொண்டு போங்கோ. அந்தப் பிள்ளையிட்டைப் போக வேணும்.”

“ஊர் இல்லை, பேர் இல்லை. எங்கை தேடுறது?”

“எனக்கு விளங்குது. எண்டாலும் இந்த வீட்டில அது இருக்கக் கூடாது.”

வாங்கிக்கொண்டேன். அன்று அவர் தலையைக் கழுவிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எங்கள் மாடியில் தமிழ்நாட்டுப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார், வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. அவரிடம் தாளைக் காட்டினேன். படம் எடுத்து, ஊரில் பழைய ராணுவ விஷயங்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். “ஊர் பேராவது இருந்தா ட்ரேஸ் பண்ணிடலாம், சிஸ்டர். பாதி லெட்டரை வச்சிட்டு என்ன பண்றது?” என்றார். ஒரு மாதம் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார். அந்தப் பெண் உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார்.

அந்த அம்மா அடுத்த பங்குனியில் இறந்தார். மூத்தவர், கடைசி அண்ணன் இருவரின் கடிதங்களையும் தன்னோடு புதைக்கச் சொல்லியிருந்தார். இத்தாலிக் கடிதத்தை என்ன செய்தார் என்று தெரியாது. ஜெபப் புத்தகத்தில் அது இருக்கவில்லை.

கிழிந்த தாள் எங்கள் வீட்டில் கடவுச்சீட்டுகளோடு இருக்கிறது. இரண்டு தரம் எறிய நினைத்தேன். எறியவில்லை.