களவு போன வழி

ஹட்டன் ரயில் நிலையத்துக்குக் கீழே வாடகைக் கார்கள் நிற்கும் ஸ்டாண்டில் ஒரே ஒரு பெண் சாரதி உண்டு. பெயர் வினோதா. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அவள் போனது கார் ஓட்டப் பழக. வரிசை வீடுகளான லயமே சிரித்தது. "பொம்பள ஓட்டுற வண்டியில எவன் ஏறுவான்?" என்றார்கள். ஒருத்தனும் ஏறவில்லைதான். ஏறியதெல்லாம் பெண்கள். இடுப்பு வலி கண்டவர்கள், கைக்குழந்தையோடு கிளினிக் போகிறவர்கள், கொழும்புக்கு வேலைக்குப் போகிற மகளை ரயிலேற்ற வருகிறவர்கள். அவளுடைய நம்பர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது.

கார் சரிபுதீன் நானாவுடையது. பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கிறவர். காரைக் கொடுத்த அன்றே ஒரு ஜீ.பீ.எஸ் கருவியையும் கொடுத்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. முன் கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டாண்டில் அதற்கு 'வழிசொல்லி' என்று பேர் வைத்தார்கள். போனில் வரைபடம் பார்க்கலாம்தான். ஆனால் அக்கரப்பத்தனைப் பக்கம் ஏறினால் வழியில் பல இடங்களில் போனுக்கு உயிர் போய்விடும். இந்தப் பெட்டி வானத்தைப் பார்த்தே வழி கண்டுபிடித்துவிடும்.

தோட்டத்தில் தெருப் பெயர் ஏது? எல்லா லயமும் ஒரே மாதிரி, எல்லா வளைவும் ஒரே மாதிரி. அதனால் வினோதா ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஒருத்தரை இறக்கிவிட்டதும், நின்ற இடத்திலேயே பெட்டியில் அந்த இடத்தைக் குறித்து, அவர் பெயரை எழுதி வைப்பாள். மறுபடி கூப்பிட்டால், மூடுபனியானாலும் மழையானாலும் நேரே வாசலுக்குப் போய் நிற்பாள்.

"புள்ள, இறங்கும்போது அதக் கழட்டிக் கையில எடுத்துக்கோ," என்று சரிபுதீன் அடிக்கடி சொல்வார். "கழட்டினா மட்டும் போதாது. கண்ணாடியில வட்டமா ஒரு தடம் இருக்கும், அதையும் தொடச்சிடு. அதப் பார்த்தா உள்ளதான் எங்கயோ வச்சிருக்கான்னு கள்ளனுக்குத் தெரிஞ்சிடும். நாலு நம்பர் போட்டுப் பூட்டவும் ஏலும், பூட்டி வை."

கழற்றுவாள். தடத்தையும் துடைப்பாள். நம்பர் போட்டுப் பூட்டுவது மட்டும் தொல்லையாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அழுத்திக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

சர்மிளா அவள் காரில் ஏறியது ஒரு விடியற்காலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். தலைப்பு விலகியபோது ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. கையில் பை கிடையாது.

"அக்கா, டயகமயில எங்க பெரியம்மா இருக்காங்க. அங்க கொண்டுபோய் விடுங்க. யார் கேட்டாலும் சொல்லாதீங்கக்கா. தெரிஞ்சா கொன்னுபுடுவான்."

புருஷன் பெயர் நிரோஷன். ஹட்டனிலேயே ஆட்டோ ஓட்டுகிறவன். முன்பு ஒருமுறை சர்மிளா பொலிஸில் சொல்லியிருக்கிறாள். இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்கள். அன்று வீட்டுக்குப் போன பிறகு வாங்கிய அடியைப் பற்றி அவள் காரில் சொல்லவில்லை. 

பெரியம்மா காளியாயி லயத்து வாசலிலேயே சர்மிளாவைக் கட்டிக்கொண்டாள். வினோதா காரைத் திருப்பும் முன், கை தன் பழக்கத்தில் பெட்டியைத் தொட்டது. இடத்தைக் குறித்தாள். சர்மிளா என்று எழுதினாள். சாமான் ஏதாவது கொண்டுவந்து கொடுக்க வேண்டி வரும் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் நிரோஷன் ஸ்டாண்டுக்கு வந்தான். சத்தம் போடவில்லை. அதுதான் வினோதாவுக்குப் பயமாக இருந்தது. கார்க் கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து சிரித்தான்.

"என் பொண்டாட்டி உங்க கார்ல ஏறுனத ஒருத்தன் பார்த்திருக்கான். எங்க எறக்குனீங்க?"

"தெனம் எத்தனையோ பேரு ஏறுறாங்க தம்பி. எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

அவன் பார்வை அவளைவிட்டு முன் கண்ணாடிக்குப் போனது. "உங்களுக்கு இருக்காது. இதுக்கு இருக்குமாமே? போன எடமெல்லாம் ஞாபகம் வச்சிருக்குமாமே?"

விரல் நுனியால் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனான்.  குறித்த இடத்தை அழித்துவிட வேண்டும் என்று வினோதா அப்போதே நினைத்தாள். நினைத்த நேரத்தில் போன் அடித்தது. யாருக்கோ பிரசவ வலி. ஒன்றன்பின் ஒன்றாகச் சவாரி. அழிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கிழவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கிழவிக்கு நடக்க முடியவில்லை. ஒரு கையால் அவளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் பெட்டியைக் கழற்றி டாஷ்போர்டு லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு, அவசரமாக உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி உடைந்து, இருக்கையெல்லாம் கண்ணாடிச் சில்லு.

லாச்சி திறந்து கிடந்தது. அவளுடைய பர்ஸ் அப்படியே இருந்தது. பக்கத்தில் வெயிலுக்குப் போடுகிற நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்று, அதுவும் இருந்தது. பெட்டி மட்டும் இல்லை. முன் கண்ணாடியில் அந்த வட்டத் தடம் பளிச்சென்று தெரிந்தது.

வினோதா லாச்சியை மறுபடி துழாவினாள்.  சாதாரணக் கள்ளன் பர்ஸை விட்டுவிட்டுப் போவானா? இது பெட்டிக்காக வந்த களவில்லை. பெட்டிக்குள் இருக்கிற ஒரு பெயருக்காக வந்தது.

காளியாயிக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது; எடுக்க ஆளில்லை. வேலை நேரத்தில் போனை வீட்டில் வைத்துவிட்டு, கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பாள். நிரோஷன் கூப்பிடாதபடி சர்மிளா தன் போனை அன்றே ஆற்றில் எறிந்திருந்தாள். சரிபுதீனைக் கூப்பிட்டாள்.

"நானா, அந்த ஆட்டோக்கார நிரோஷன் பெட்டிய களவெடுத்துட்டான். அவன்கிட்ட அடி வாங்கி ஓடி வந்த பொண்டாட்டிய நான் டயகமயில விட்டேன், அந்த எடம் அதுல இருக்கு. பேரோட இருக்கு."

சரிபுதீன் ஏசவில்லை.  "நான் பொலிஸுக்குப் போறேன். பொண்டாட்டி கதை சொன்னா குடும்பப் பிரச்சினைம்பானுகள். என்ட சாமான் களவு போச்சு, கள்ளன் டயகமவுக்குப் போறான், இப்பவே பிடிங்கன்னு சொல்றேன். நீ தனியாப் போகாத புள்ள," என்றார்.

அவர் பேசி முடிக்கும் முன்பே அவள் காரைக் கிளப்பியிருந்தாள்.

அந்தப் பாதை எத்தனையோ தடவை போன பாதை. ஆனாலும் அன்று ஒவ்வொரு வளைவும் புதிதாக இருந்தது. கொட்டகலை தாண்டி, தலவாக்கலை தாண்டினாள். லிந்துலையில் வலப்பக்கம் பிரிகிற இடத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. உடைந்த கண்ணாடி வழியே குளிர் உள்ளே புகுந்து பிடரியைத் தொட்டது. முன்னால் தெரிகிற ஒவ்வொரு ஆட்டோவும் அவனுடையதாகத் தெரிந்தது. பின்னால் வருகிறதும் அவனுடையதாகத் தெரிந்தது. ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது, ஹோர்னை அடித்துக்கொண்டே அழுதாள். வாய் மாரியம்மாவைக் கூப்பிட்டது. மனசு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது: வழி காட்டியது நீதானே. நீ எழுதிய பேர்தானே.

டயகமயில் தோட்டப் பாதை முடியும் இடத்தில், அவள் அன்று கார் நிறுத்திய அதே இடத்தில், ஓர் ஆட்டோ நின்றது.

உள்ளே யாருமில்லை. ஹாண்டிலுக்கு மேல் கண்ணாடியில் அவளுடைய பெட்டி ஒட்டியிருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே சர்மிளாவின் பெயர்.

மேலே லயத்தில் கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. தகரமும் பலகையும் அதிர்ந்தன. எல்லோரும் மலைக்குப் போயிருக்கிற நேரம். லயத்தில் ஒரு நாய் மட்டும் குரைத்தது. சர்மிளா உள்ளே இருக்கிறாளா? பெயர் சொல்லிக் கூப்பிட வினோதாவுக்கு வாய் வந்தது. கூப்பிட்டால் அவள் பதில் கொடுத்துவிட்டால்? வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

ஆட்டோவில் சாவி தொங்கியது. அது கண்ணில் பட்டதும் அவள் யோசிக்கவில்லை. சர்மிளாவை இழுத்துக்கொண்டு வந்தாலும் இதில் ஏற்றிக்கொண்டு போக முடியாதபடி செய்ய வேண்டும். அவ்வளவுதான் தோன்றியது. சாவியை உருவினாள்.

"ஏய்!"

நிரோஷன் லயத்துப் படிக்கட்டில் நின்றான். அவள் சாவியைத் தேயிலைக்குள் வீசினாள். எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் இறங்கி வந்த வேகத்தில், ஓடக்கூட அவளுக்கு நேரமில்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஆட்டோவோடு சேர்த்து அழுத்தினான். அவன் மூச்சில் சாராய வாடை இல்லை. தெளிவாக இருந்தான்.

"எங்க அவ? கதவு பூட்டியிருக்கு. உள்ள ஆளில்ல. எங்க மாத்துன?"

"நான் மாத்தல தம்பி. சத்தியமா தெரியாது."

"பொய் சொன்னா இந்த எடத்துலயே முடிச்சிருவேன்."

அப்போது மூடுபனிக்குள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்டது. கொழுந்து நிறுக்க இறங்கி வந்துகொண்டிருந்த பெண்கள். இடுப்பில் சுற்றிய தார்ப்பாய்ப் படங்கு, தலையில் மடித்த சாக்கு, முதுகில் கொழுந்து. முதலில் வந்தவள் காளியாயி. ஒரு கணம் நின்றாள். பிறகு கையிலிருந்த, தேயிலைச் செடிக்கு மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை நீட்டிப் பிடித்தபடி நேரே நடந்து வந்தாள்.

"விடுடா அவள."

"என் பொண்டாட்டிய அனுப்பு பெரியம்மா. விட்டுர்றேன்."

"அவ இங்க இல்ல. வந்தா, ரெண்டு நாள் இருந்தா, போயிட்டா. நம்பலேன்னா தேடிப் பாரு. லயத்துல எத்தன காம்பிரா இருக்கோ அத்தன வீட்டையும் தொறந்து காட்டச் சொல்றேன்."

மற்றப் பெண்களும் வந்து சுற்றிலும் நின்றார்கள்.  நிரோஷன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வினோதாவும் பார்த்தாள். பின்வரிசையில், கண்புருவம் வரை சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு, கொழுந்துச் சுமையில் கூனி நின்ற ஒருத்தியின் ஒரு கண்ணோரம் இன்னும் மஞ்சளும் நீலமுமாக இருந்தது.

 தான் பார்த்த திசையை அவன் பார்த்துவிடுவானோ! வினோதா சட்டென்று கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பி, அங்கே தெரிந்த ரோட்டையே வெறித்தாள். அவனும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பனிதான் இருந்தது.

"என்னடி பார்க்குற அங்க? அந்தப் பக்கமா போனா?"

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.  அது அவனுக்கு ஒப்புக்கொண்ட மாதிரி இருந்திருக்க வேண்டும். தலைமுடியை விட்டுவிட்டு ரோட்டை நோக்கி ஓடினான். இரண்டு வளைவு தாண்டும் முன்பே, எதிரே ஏறி வந்த பொலிஸ் ஜீப்பின் வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டான்.

அவன் போனதும் சர்மிளா அதே இடத்தில் சுமையோடு உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். காளியாயி அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, "வீட்டுல தனியா இருந்தா பயமா இருக்குன்னு கூட வந்தா. சும்மா நிக்க வேணாம், ரெண்டு கொழுந்து கிள்ளுன்னு சொன்னேன். அதுதான் காப்பாத்திச்சு," என்றாள்.

களவுப் பொருள் அவன் ஆட்டோவிலேயே பிடிபட்டதால் நிரோஷனை ரிமாண்டில் வைத்தார்கள். கண்ணாடியை உடைத்ததும் பெட்டியைத் திருடியதும் வழக்கில் பெரிதாக எழுதப்பட்டன. வினோதாவைத் தாக்கியது அதற்குக் கீழே வந்தது. சர்மிளாவின் கண் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது. ஆனால் இந்த முறை வந்தது. சரிபுதீன் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கடையைப் பூட்டிவிட்டு நீதிமன்றத்துக்குப் போனார்.

அவன் பிணையில் வெளியே வரப்போகிறான் என்று தெரிந்ததும் சர்மிளா டயகமயைவிட்டுக் கிளம்பினாள். வினோதாதான் பஸ் ஏற்றிவிடப் போனாள். பஸ் புறப்படும் முன் ஜன்னலுக்கு வெளியே குனிந்து, "அக்கா, நான் போற எடம்..." என்று தொடங்கினாள் சர்மிளா.

வினோதா அவள் வாயைப் பொத்தினாள். "வேணாம்மா. எனக்குச் சொல்லாத. எனக்குத் தெரியவே வேணாம்."

பெட்டி இப்போதும் வழக்குச் சாமானாக நீதிமன்றத்தில்தான் இருக்கிறது. சரிபுதீன் வேறொன்று வாங்கிக் கொடுத்தார். வினோதா அதில் நாலு நம்பர் போட்டிருக்கிறாள். யாருடைய பெயரையும் எழுதுவதில்லை. ஒவ்வொரு சவாரி முடிந்ததும் போன வழியை அழித்துவிடுகிறாள். பிறகு காரை ஓரங்கட்டி, அழிந்துவிட்டதா என்று மறுபடி திறந்து பார்க்கிறாள். தூரத்துத் தோட்டத்துக்குக் கூப்பிட்டால், ரோட்டு வரைக்கும் யாரையாவது வந்து நிற்கச் சொல்கிறாள்.

நிரோஷன் திரும்ப ஆட்டோ ஓட்டுகிறான். சில நாட்களில் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, அவள் காரையே பார்த்துக்கொண்டிருப்பான்.  வினோதா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொள்வாள். அப்போது யாராவது ஒரு பெண் கதவைத் தட்டி, "அக்கா, போவோமா?" என்பாள். வினோதா பின்கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "ஏறுங்க," என்பாள்.