குதிரைக்குக் கட்டிய படங்கு

காலை ஆறு மணி இருபது. பங்களாவின் பின்பக்கம் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலப் படங்கு. அதற்குக் கீழே நான்கு கால்கள் தெரிந்தன. இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் தூறலாகியிருந்தது.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரமும் செடியின் கீறலும் படாமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு அது. என் மைத்துனர் தன் மனைவிக்கு வாங்கிக் கொடுத்ததை எடுத்துக் குதிரையின் முதுகில் போட்டு, வயிற்றுக்கடியில் கயிறு கொடுத்து இறுக்கியிருந்தார்.

"பாருங்கண்ணே, என் படங்க கட்டிக்கிட்டு அது நிக்குது. நாளைக்குப் பெரட்டுலயும் அது பேரையே கொடுத்துரச் சொல்லுங்க" என்றார் அவர் மனைவி. காலையில் பேர் பதிந்து வேலை பிரிப்பதைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள்.

நமுனுகுல மலையடியில் இருந்த அந்தத் துரை பங்களா சில வருடங்களாக ஹோட்டல். குதிரை, நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த பழுப்புநிறப் பெண் குதிரை. விருந்தாளிகளின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புல்வெளியைச் சுற்றி வருவதே அதன் வேலை. மைத்துனரைத் தேயிலை மலை வேலையிலிருந்து எடுத்து அதைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். லாயத்துக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்கள். இப்போது முதுகில் புண். டிசம்பரில் ஆட்கள் வருவதற்குள் ஆறாவிட்டால் குதிரையை விற்றுவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால்தான் மைத்துனர் என்னைப் பதுளையிலிருந்து வரச்சொல்லியிருந்தார். பத்திரிகை வேலையில் எனக்குப் பழக்கமான கால்நடை வைத்தியர் ஒருவர் இருந்தார்.

குதிரை போனால் அந்த அறையும் போகும்.

"வயசான குதிரைய யாரு வாங்குவா மச்சான்? வாங்குறவன் எதுக்கு வாங்குவான்?" என்று மட்டும் கேட்டார் மைத்துனர்.

வைத்தியர் பகல் வேளையில் வந்தார். சிங்களப் பெண், தோட்டத்து மாடுகளைப் பார்த்துப் பார்த்தே தமிழ் கற்றவர். குதிரையைத் தொட்டது படிக்கிற காலத்தில் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். படங்கை அவிழ்த்ததும் ஆவி எழுந்தது. கூடவே, நாள்பட மூட்டையில் கிடந்த ஈரத்துணியின் நாற்றம். முதுகெலும்பின் இரு பக்கமும், பின்தொடை வரை, மழைநீர் வழியும் பாதையில் பொருக்குகள் இருந்தன. மைத்துனர் பூசிய மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அவற்றின் மேல் களிம்பாகப் படிந்திருந்தன.

கம்பத்தில் உரசுகிறதா என்று வைத்தியர் கேட்டார். இல்லை. அப்படியானால் சொறியாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றார். முகத்திலும் சேணவார் படும் இடத்திலும் வட்டவட்டமாக முடி கொட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அதுவும் இல்லை, படர்தாமரையும் அல்ல. பிறகு கையுறையோடு ஒரு பொருக்கைப் பிடித்து மெல்ல இழுத்தார். முடிக்கொத்தோடு சின்னப் பெயின்ட் தூரிகை போல அது கையோடு வந்தது. அடியில் பச்சை கலந்த சீழ். குதிரையின் தோல் கழுத்திலிருந்து வால் வரை நடுங்கியது. நுவரெலியாவில் பந்தயக் குதிரைகளைப் பார்க்கும் நண்பருக்குப் படம் அனுப்பினார். வைத்தியர் நினைத்ததையே அவரும் சொன்னார்: மழையில் ஊறிய தோலில் பிடிக்கும் கிருமி.

மழையால் வந்தது என்று மைத்துனர் நினைத்தது சரி. ஆனால் அந்தக் கிருமிக்கு ஈரமும் சூடும் வேண்டும், காற்று ஆகாது. படங்கு ஈரத்தையும் உடம்புச் சூட்டையும் உள்ளே பூட்டி வைத்திருந்தது. புண் பரவப் பரவ அவர் கயிற்றை இன்னும் இறுக்கியிருக்கிறார்.

"இனி இதைப் போடவே கூடாது" என்றார் வைத்தியர்.

"அப்போ நனையட்டும்ங்கிறீங்களா, மிஸ்?"

வைத்தியர் நிமிர்ந்து லாயத்துக் கூரையைப் பார்த்தார். துருப்பிடித்த தகரத்தின் ஓட்டைகளில் வானம் தெரிந்தது.

பொருக்குகளை மருந்து கலந்த வெந்நீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும், துடைத்துக் காயவிட வேண்டும், எடுத்ததை எரித்துவிட வேண்டும், ஊசி சில நாள் தொடர வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்று கேட்டார்.

"ரொம்பக் குறைவு. ஆனா தொற்றலாம். புண்ணைத் தொடுறவங்க கையுறை போட்டாப் போதும்."

மேனேஜர் தலையாட்டினார். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

கார் கராஜில் குதிரையைக் கட்ட அவர் அனுமதி தரவில்லை. தகரமும் தரவில்லை. மைத்துனர் தன் அறையின் சமையல் சாய்ப்பிலிருந்து தகரங்களைக் கழற்றி லாயத்தின் மேல் அடித்தார். அடுப்புக்கு மேல் மழை ஒழுகியது. குதிரை மட்டும் காய்ந்தது.

இரண்டு வாரம் கழித்து நான் போனபோது, பின்தொடையில் எலிமயிர் போல மெல்லிய புதுமுடி முளைத்திருந்தது. மைத்துனர் என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். கை வைத்தபோது தோல் நடுங்கவில்லை.

அன்று பகல் லொறி வந்தது. கொழும்பிலிருக்கும் ஹோட்டல் முதலாளி, வைத்தியர் வந்துபோன அன்றே குதிரைக்கு விலை பேசிவிட்டாராம். நான் வைத்தியருக்குப் போன் செய்து மேனேஜரிடம் கொடுத்தேன். புண் ஆறிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "தொற்றும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க" என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்தார்.

எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று சாரதியைக் கேட்டேன். தன் வேலை ஏற்றி இறக்குவது மட்டும்தான் என்றார்.

குதிரை பலகையில் ஏற மறுத்தது. மைத்துனர் முன்னால் ஏறி நின்று கூப்பிட்டதும் ஏறியது. லொறிக்கு மேல்மூடி இல்லை. மழை வலுத்தது. அவர் மனைவி அறையிலிருந்து படங்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்து நீட்டினார். மைத்துனர் அதைக் கையால் விலக்கினார்.

"வேணாம். நனைஞ்சாலும் காத்துப் படட்டும்."

லொறி பசறைப் பக்கம் திரும்பியது.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போகும்போது அவர் மனைவி அந்தப் படங்கை இடுப்பில் கட்டியிருந்தார்.