வழிமுறை இல்லாத விடைகள்

பதினொன்றாம் வகுப்பில் என்னைத் தம்பானூரில் ஒரு என்ட்ரன்ஸ் கோச்சிங்கில் சேர்த்தார்கள். கணக்கை வாசித்து முடிக்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிடும். எப்படி வந்தது என்று எழுதத்தான் தெரியாது.

"ஸ்டெப்ஸ் எவிடே? காப்பியடிச்சதல்லே?" வழிமுறை எங்கே, காப்பியடித்ததுதானே என்று கேட்ட சார், என்னை மட்டும் ஆபீஸ் அறையில் உட்காரவைத்து, புதிய வினாத்தாள் கொடுத்துக் கதவைப் பூட்டினார். சீக்கிரமே முடித்துவிட்டேன். கதவைத் தட்டியும் யாரும் திறக்கவில்லை. தாளின் பின்புறம் மலையாளத்தில் ஒரு கதை எழுதினேன். அதில், மனதாலேயே விண்கலம் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளை ஆய்வுக்கூடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

விடைகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் சார் அப்பாவை வரவழைத்து அந்தக் கதையை நீட்டினார். சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த அப்பாவுக்கு மலையாளம் வாசிக்க வராது. பஸ் ஸ்டாப்பில் நான் கதையைத் தமிழில் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைங்க வெளிய வந்துட்டாங்களா, மோளே?"

"இன்னும் இல்லப்பா."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கும் கிளாஸுக்குப் போயிரு, கேட்டியா" என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை கோச்சிங்கின் எல்லாத் தேர்வையும் அந்தப் பூட்டிய அறையில் தனியாகவே எழுதினேன்.